உப்புத் தண்ணி, நல்ல தண்ணி, கலர்

முப்பத்தொரு வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தேன். அதில் முதல் பத்துப் பன்னிரண்டு வருடம், பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க விடாமல் பார்த்துக்கொண்டதும் என் வேலையில் சேர்த்தி. “ஓடியாந்த சூட்டோட தண்ணி குடிக்காதல, வயித்தப் புடிச்சுக்கும்” என்று என் மாஸ்டர் எனக்குச் சொன்னார். அவருக்கு அவருடைய மாஸ்டர் சொல்லியிருப்பார். தொண்டை வறண்டு நிற்பது ஒழுக்கம் என்று நாங்கள் மனசார நம்பினோம். ஹாக்கி பயிற்சி முடிந்ததும் குழாய்ப் பக்கம் பாயும் பையன்களை விசில் ஊதி நிறுத்துவேன். பத்து நிமிடம் தரையில் உட்கார வேண்டும். அதன் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பலாம், விழுங்கக் கூடாது. இதெல்லாம் கோவில்பட்டி வெயிலில், ஏப்ரல் மாதத்தில். அன்றைக்கு என்னிடம் ஹாக்கி ஆடிய ஒருவன் இப்போது ரயில்வேயில் இருக்கிறான். “சார், உங்கள நெனச்சா இப்பவும் நாக்கு வறளுது” என்பான். பாராட்டா, திட்டா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அப்படி விசில் ஊதித் தண்ணீரைத் தடுத்த இந்த ஆள்தான் பின்னாளில் பிள்ளைகள் பின்னாலேயே “தண்ணி குடி, தண்ணி குடி” என்று அலைந்தான்.

1993-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, எடை மெஷினில் பிள்ளையை ஏற்றினால் முள் இன்னும் கொஞ்சம் நகராதா என்றுதான் இருக்கும். ஜூலை மாதம் உயரம், எடை எடுத்து ரெக்கார்டில் எழுத வேண்டும். மெலிந்த பிள்ளைகளின் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். பதினைந்து, பதினாறு வருடத்தில் அந்தப் பென்சில் புள்ளிகள் குறைந்தன. ஆனால் வகுப்புக்கு இரண்டு மூன்று பேராவது மெஷினில் ஏறத் தயங்கி, வரிசையில் கடைசிக்குப் போய் நின்றார்கள். நானோ எடையைச் சத்தமாகச் சொல்ல, ஒரு பையன் எழுதிக்கொள்வான். அந்தச் சத்தம் கிரவுண்டு முழுக்கக் கேட்கும். கேட்டதும் சிரிப்புச் சத்தமும் வரும். வருடக்கணக்கில் நான் இப்படித்தான் செய்தேன் என்பதை எழுதும்போது கை கொஞ்சம் கூசுகிறது.

ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவில் ஒரு பையன். அவனை நான் ‘குண்டு’ என்று கூப்பிட்டதில்லை. மற்றவர்கள் கூப்பிட்டபோது தடுத்ததும் இல்லை. அவன் நன்மைக்கு என்று நினைத்து, டிரில் முடிந்த பிறகு கூடுதலாக நாலு ரவுண்டு ஓடச் சொல்வேன். எங்கள் கிரவுண்டில் நாலு ரவுண்டு என்றால் சுமார் 800 மீட்டர். பையன் மறுபேச்சு பேசாமல் ஓடுவான். ஓடி முடித்ததும் நேராகப் பள்ளி வாசல் ஆச்சி கடைக்குப் போய் ஒரு கலர் குடிப்பான்.

எங்கள் பக்கத்தில் கோலா, ஆரஞ்சு, பன்னீர் சோடா எல்லாவற்றுக்கும் கலர் என்றுதான் பெயர். வீட்டுக்கு வந்தவருக்குச் செம்பில் தண்ணீர் கொடுப்பது வழக்கம். ஆள் விட்டு ஒரு கலர் வாங்கிவரச் சொல்வது கௌரவம். பக்கத்து விருதுநகரில் 1916-லேயே காளிமார்க் தொடங்கிவிட்டது. அதனால் கலர் எங்களுக்குப் புதிதாக வந்த பழக்கம் இல்லை. முன்பெல்லாம் கல்யாணத்துக்கும் காய்ச்சலுக்கும் உடைத்த கலர், இப்போது தினப்படிக்கு வந்துவிட்டது. வந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒருநாள் ஆச்சி கடையில் டீ குடித்துக்கொண்டு சும்மா அந்தப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். 100 மில்லிக்குச் சர்க்கரை 10.6 கிராம். கால் லிட்டர் பாட்டில், ஆக 26 கிராம் சொச்சம். தலைதட்டினால் ஆறு டீஸ்பூன். கிராமுக்கு நாலு கலோரி, ஆக நூறைத் தாண்டுகிறது. ஐம்பது கிலோப் பையன் 800 மீட்டர் ஓடினால் எவ்வளவு செலவாகும்? எங்கள் படிப்பில் ஒரு குத்துமதிப்புக் கணக்கு உண்டு: கிலோவுக்கு, கிலோமீட்டருக்கு ஒரு கலோரி. அப்படியானால் நாற்பது. நான் அவனை ஓடவைத்து நாற்பதைக் கழித்திருக்கிறேன். அந்த ஓட்டம் கிளப்பிய தாகம் நூற்றைக் கூட்டியிருக்கிறது. நான் விசில் ஊதாமல் சும்மா இருந்திருந்தாலே பையனுக்கு நன்மையாக இருந்திருக்கும்.

மறுநாள் அவனிடம் கேட்டேன். “ஏல, தாகம்னா குழாய்ல குடிக்க வேண்டியதுதான?”

“சார், நம்ம ஸ்கூல் தண்ணிய நீங்க குடிச்சிருக்கீங்களா?”

குடித்ததில்லை. அத்தனை வருடத்தில் ஒருநாள்கூட இல்லை. என் மேஜைமேல் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டில் இருந்தது.

கரிசல்காட்டுக்காரர்களுக்குத் தண்ணீர் ஒன்று அல்ல. உப்புத் தண்ணி வேறு, நல்ல தண்ணி வேறு. குளிக்க, துவைக்க, மாட்டுக்கு என்றால் உப்புத் தண்ணி. குடிக்க, பருப்பு வேக என்றால் நல்ல தண்ணி. உப்புத் தண்ணியில் பருப்பு வேகாது என்பதை எங்கள் வீட்டுப் பெண்கள் எந்தக் கெமிஸ்ட்ரியும் படிக்காமல் அறிவார்கள். கோவில்பட்டிக்கு நல்ல தண்ணி சீவலப்பேரியிலிருந்து, தாமிரபரணியிலிருந்து குழாயில் வர வேண்டும். பல வருடங்கள் அது வாரம் ஒருநாள், பத்துநாளைக்கு ஒருநாள் என்றுதான் வந்தது. பள்ளிக்கூடத்துத் தொட்டியில் இருந்ததோ போர்த் தண்ணீர். குழாய்க்கு மேலே பச்சைப் பெயிண்டில் ‘குடிநீர்’ என்று எழுதியிருந்தது. அன்று முதல்முறையாகக் கை குவித்து ஒரு வாய் குடித்தேன். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் தொட்டியின் சூடும் வாசமும், அதற்கு மேலே உப்பும். கலர்க் கம்பெனிக்காரர்கள் இவ்வளவு விளம்பரம் செய்திருக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

எச்.எம்.மிடம் போய் நின்றேன். நல்ல மனிதர், காசு என்றால் மட்டும் காது கொஞ்சம் மந்தம். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேசி, முனிசிபல் லைனிலிருந்து தனித் தொட்டி ஒன்றுக்கு இணைப்பு வாங்குவதற்குள் ஒரு கல்வியாண்டு போய்விட்டது. அதுவரை இருபது லிட்டர் கேன். வராந்தாவில் கிழக்குச் சுவரோரம், வெயில் விழாத இடமாகப் பார்த்து, பித்தளைக் குழாய் வைத்த மண்பானைகள் ஆறு வாங்கி மணல்மேல் வைத்தோம். பானையை நான் பிடிவாதமாகக் கேட்டேன். ஆச்சி கடை ஐஸ்பெட்டியோடு போட்டி போட வேண்டுமானால் தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரை எந்தப் பிள்ளையும் இரண்டாவது டம்ளர் கேட்காது.

டம்ளர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சங்கிலி கட்டிய எவர்சில்வர் டம்ளர் இரண்டு வைத்திருந்தோம். ஒரு மாதம் கழித்துக் கவனித்தேன்: சில பையன்கள் டம்ளரைத் தொடுவதே இல்லை. பானைக் குழாயின் கீழே கை குவித்துக் குடிக்கிறார்கள். டம்ளருக்குத் துட்டா கேட்கிறார்கள் என்று நான் கேலி பேசினேன். ஒரு பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்து டீக்கடைகளில் எந்த டம்ளர் யாருக்கு என்று இருந்ததை நான் சின்ன வயதில் பார்க்காதவனா? அன்று சாயங்காலமே சங்கிலியை அறுத்து இரண்டு டம்ளரையும் ஸ்டோர் ரூமில் போட்டேன். அவரவர் பாட்டில், இல்லாவிட்டால் அவரவர் கை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதில் வேறொரு லாபமும் இருந்தது. பொது டம்ளரில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடித்தால் பாதித் தண்ணீர் சட்டையில் போகும். நனைந்த சட்டையோடு வகுப்புக்குப் போனால் டீச்சர் திட்டுவார். அந்தப் பயத்திலேயே குடிக்காமல் இருந்த பொடிசுகள் நிறைய.

இவ்வளவும் செய்த பிறகு பிரசங்கத்தில் இறங்கினேன். காலைப் பிரேயரில் தினமும் ஐந்து நிமிடம் தண்ணீரின் மகிமை. ஒருநாள் பலசரக்குக் கடைத் தராசைக் கொண்டுவந்து, ஒரு கலரில் எவ்வளவு சர்க்கரை என்று எல்லார் முன்னாலும் நிறுத்து, ஒரு கண்ணாடி டம்ளரில் கொட்டிக் காட்டினேன். பிள்ளைகள் ‘ஹே’ என்று வாய் பிளந்தார்கள். ஆச்சி கடையில் கலர் வியாபாரம் மூன்று நாள் படுத்தது. நாலாம் நாள் எழுந்துவிட்டது.

அதைவிட மோசம், தண்ணீர் குடிக்கும் போட்டி. ஒரு லிட்டரை யார் முதலில் காலி செய்வது என்று வைத்தேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஜெயித்தான். ஜெயித்த கையோடு என் ஷூமேல் வாந்தி எடுத்தான். பயந்துபோய் அவனை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மடமடவென்று அளவுக்கு மீறித் தண்ணீர் உள்ளே போனால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், சின்ன உடம்புக்கு அது ஆபத்து என்று மெதுவான குரலில் சொன்னார். அவர் கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

உண்மையில் விஷயத்தை உடைத்துச் சொன்னவர் கணக்கு டீச்சர். என் பி.டி. பீரியடைக் கடன் வாங்கியே போர்ஷன் முடித்தவர். திருப்பித் தந்ததே இல்லை. ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் நான் தண்ணீர்ப் பெருமை பேசிக்கொண்டிருந்தபோது, நோட்டுத் திருத்திக்கொண்டே கேட்டார்:

“குடி குடிங்கிறீங்களே சார், குடிச்சா எங்க போறது?”

எனக்குப் புரியவில்லை.

“பொம்பளப் பிள்ளைங்க காலைல ஒம்பது மணிக்கு வந்தா சாயந்திரம் வீட்டுக்குப் போய்த்தான் பாத்ரூம் போறாங்க. அதுக்காகவே குடிக்கிறதில்ல. அவங்கள விடுங்க, நான் குடிக்கிறதில்ல.”

பெண்பிள்ளைகள் கழிவறைப் பக்கம் நான் எதற்குப் போகப் போகிறேன்? அன்று பள்ளி விட்டபின் ஆயாம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அறைகள் நாலு. இரண்டு பூட்டியிருந்தன. ஏன் என்றால், ஆபீசர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தால் காட்டுவதற்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று. மிச்சம் இரண்டில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே ஒருத்தி போனால் வெளியே ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வாளி இருந்தது, அதன் அடியில் ஓட்டையும் இருந்தது. நூற்றுக்கணக்கான பெண்பிள்ளைகள், பத்து நிமிட இன்டர்வெல். இந்தக் கணக்கைக் கணக்கு டீச்சரே போட்டுக் காட்டினார். அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வந்து லீவு போடும் பிள்ளைகளின் லீவு லெட்டரில் ‘காய்ச்சல்’ என்று இருக்கும் என்றும் சொன்னார். அம்மாக்கள் பாட்டிலில் கொடுத்துவிட்ட தண்ணீர் ஏன் அப்படியே வீடு திரும்புகிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

எஸ்டிமேட், கொட்டேஷன் என்றெல்லாம் எச்.எம். தொடங்கினார். நான் கடைத்தெருவுக்குப் போய் நாலு தாழ்ப்பாள், ஒரு டஜன் ஸ்க்ரூ, மூன்று வாளி, மூன்று கப்பு வாங்கிவந்தேன். தச்சு வேலை செய்யும் ஒரு பையனின் அப்பா சனிக்கிழமை வந்து மாட்டிக் கொடுத்தார்; கூலி வாங்க மறுத்துவிட்டார். பூட்டுகளின் சாவியை ஆயாம்மா இடுப்பிலிருந்து எச்.எம். கையெழுத்தோடு வாங்கினோம். இன்டர்வெல்லில் மட்டும்தான் போகலாம் என்ற விதியைக் கணக்கு டீச்சர் தன் வகுப்பில் முதலில் தளர்த்தினார். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பின்தொடர்ந்தார்கள்.

ஒரு மாதத்தில், சாயங்காலம்வரை பாதி நிறைந்து கிடந்த பானைகள் மதியச் சாப்பாட்டு மணிக்கே வறண்டன. பிரேயரில் நான் பேசுவதை நிறுத்தி ரொம்ப நாளாகியிருந்தது.

பையன்களுக்கு வேறு வைத்தியம். “மூத்திரம் என்ன கலர்ல போகுது?” என்று கிரவுண்டில் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்த பிறகு கவனிப்பார்கள். மஞ்சளாகப் போனால் பானைப் பக்கம் போய்விட்டு வா, வெள்ளையாகப் போனால் விளையாடு. எட்டு டம்ளர், இரண்டு லிட்டர் என்று நான் சொன்ன எண்கள் எல்லாம் ஒரு பிள்ளைக்கும் நினைவில் இல்லை, இது இருந்தது. விளையாட்டின் நடுவே பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில் ஊதிக் குடிக்க விட்டேன். என் மாஸ்டர் பார்த்திருந்தால் என்னை நாலு ரவுண்டு ஓடச் சொல்லியிருப்பார்.

என் மகள் மதுரையில் சத்துணவியல் படித்தாள். போனில் நான் பானைக்கதை சொல்ல, அவள் பாடப்புத்தகக்கதை சொல்வாள். ஜெர்மனியில் டார்ட்மண்ட், எஸ்ஸன் என்று இரண்டு ஊர்களில், வசதி குறைந்த பகுதிகளின் 32 தொடக்கப் பள்ளிகளில் 2006-07 கல்வியாண்டில் ஒரு சோதனை. பாதிப் பள்ளிகளில் குளிர்ந்த நீர்க் குழாய் வைத்து, தண்ணீரைப் பற்றி ஆசிரியர்கள் நாலு பாடம் நடத்தினார்கள். மற்றவற்றில் ஒன்றும் செய்யவில்லை. வருடக் கடைசியில், குழாய் வைத்த பள்ளிகளில் பிள்ளைகள் நாளுக்கு ஒரு டம்ளர் சொச்சம் கூடுதலாகக் குடித்தார்கள். அதிக எடைக்குப் போகும் ஆபத்து 31 சதவீதம் குறைவாக இருந்தது. “ஆனா அப்பா, ஜூஸும் கலரும் குடிக்கிறது அங்க குறையல” என்றாள். நான் குழம்பினேன். அவளும் குழப்பம் என்றுதான் சொன்னாள். அதோடு விட்டிருந்தால் எனக்கு நிம்மதி. அவள் விடவில்லை. நெதர்லாந்தில் 641 பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு கால் லிட்டர் டப்பா கொடுத்தார்களாம். பாதிப் பேருக்குச் சர்க்கரை போட்டது, பாதிப் பேருக்குச் சர்க்கரைக்குப் பதில் வேறு இனிப்பு. எது எவருக்கு என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒன்றரை வருடத்தில் சர்க்கரை குடித்தவர்கள் சராசரியாக 7.37 கிலோ ஏறியிருந்தார்கள், மற்றவர்கள் 6.35 கிலோ. 2012-ல் வந்த முடிவு. தினம் ஒரே ஒரு டப்பா, ஒரு கிலோ வித்தியாசம்.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்று தெளிந்தது. தண்ணீர் யாரையும் மெலிய வைப்பதில்லை. வெந்நீர் குடித்தால் கொழுப்பு கரையும் என்று சொல்லும் ஆட்களை எனக்கு ஆகாது. தாகம் என்று ஒரு இடம் காலியாக இருக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் போய் உட்கார்ந்துவிட்டால் கலருக்கு இடமில்லை. சோறாக உள்ளே போனால் வயிறு ‘போதும்’ என்று சொல்லிவிடும். குடிக்கிற சர்க்கரையை வயிறு கணக்கிலேயே எடுப்பதில்லை. கலரைக் குடித்துவிட்டு அதே அளவு சோறும் தின்பான் பையன்.

ஆச்சியோடு என் பேச்சுவார்த்தை தனிக்கதை. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. ஆச்சி கடை வாசலிலிருந்து பதினைந்தடி.

“சட்டமா? சரி சார், கடைய எடுத்துடுறேன். என் மருமகன் குடிச்சிட்டு விழுந்து கெடக்கான், அவன எந்தச் சட்டத்துல எடுப்பீங்க?”

“ஆச்சி, கடைய எடுக்கச் சொல்லல. கலர மட்டும்...”

“பச்சத் தண்ணிய வித்து நான் எப்படிப் பொழைக்க?”

நியாயமான கேள்வி. மோர் விற்கச் சொன்னேன். முதல் வாரம் புளித்துப்போய்க் கொட்டினாள். என்னைத் திட்டிக்கொண்டே கொட்டினாள். பிறகு இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்டு, சின்னப் பானையில் வைத்து விற்றாள். கடலைமிட்டாயும் வெள்ளரிப் பிஞ்சும் பக்கத்தில். கடலைமிட்டாயிலும் வெல்லம் இருக்கிறது, எனக்குத் தெரியும். கோவில்பட்டியில் இருந்துகொண்டு அதை எதிர்த்து நான் எங்கே போவேன்? கலரை ஆச்சி முழுசாக விடவில்லை. முன்வரிசையிலிருந்து எடுத்து, ஐஸ்பெட்டியின் அடியில் வைத்தாள். கேட்டால் எடுத்துக் கொடுப்பாள், கேட்காவிட்டால் கண்ணில் படாது. அந்த உடன்படிக்கை நான் ஓய்வுபெறும் வரை நீடித்தது.

அந்த ஏழாம் வகுப்புப் பையன் தண்ணீர் குடித்தே ஒல்லியானான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நாலு ரவுண்டை நிறுத்தினேன். எடை எடுப்பதை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு, வாய் திறக்காமல் எழுதிக்கொள்ளும்படி மாற்றினேன். அவனை ஹாக்கியில் கோல் காக்க நிறுத்தினேன். பருமனான பையனைக் கோலில் நிறுத்துவது எங்கள் தொழிலின் சோம்பேறித்தனம், நானும் அதையே செய்தேன். சுமாரான கோல்கீப்பர். ஒன்பதாவது, பத்தாவதில் அவன் எடை பெரிதாக ஏறவில்லை, உயரம் ஏறியது. அகலமாக வளர்ந்துகொண்டிருந்த பையன் நெடுக வளர்ந்தான். வளரும் பிள்ளைக்கு எடையைக் குறைக்க வேண்டியதில்லை, எடை நின்றால் போதும், உயரம் வந்து சேர்ந்துகொள்ளும். இதில் பானையின் பங்கு எவ்வளவு, வயதின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது.

2019-ல் கேரளத்தில் திருச்சூர் பக்கத்துப் பள்ளி ஒன்று தண்ணீர் குடிக்கவென்றே மணி அடிக்கத் தொடங்கியது. 2025-ல் நம் பள்ளிக்கல்வித் துறையும் வாட்டர் பெல் கொண்டுவந்தது: காலை 11, மதியம் 1, மாலை 3. நான் ஓய்வுபெற்று அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. விளையாட்டு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள் என்று போனேன். பதினொரு மணிக்குத் தண்டவாளத் துண்டில் டங் டங் என்று அடித்தது. வகுப்புகளுக்குள் மூடி திறக்கும் சத்தம். உட்கார்ந்த இடத்திலேயே முந்நூறு, நானூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் அண்ணாந்தார்கள். வராந்தாவில் நின்று பார்க்க எனக்குத் தொண்டைக்குள் என்னவோ செய்தது.

ஆயாம்மா புதுசு, வயதில் சின்னவள். என்னை யாரென்று தெரியாது. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“ஏம்மா, பிள்ளைங்க பாத்ரூம் நாலுல எத்தனைக்குத் தாழ்ப்பாள் இருக்கு?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மூணுக்கு இருக்கு சார். நாலாவது பூட்டிக் கெடக்கு. அடுத்த வாரம் ஆபீசர் வாராகளாம்.”